வலமா, இடமா

பிப்ரவரி. பெய்ஸ்லியில் பதினோராவது நாளாக மழை.
ரோனாவின் சமையலறை மேசையில்
ஆரன் தீவை விரித்தோம்.
மூலைக்கொரு பாரம்:
உப்புக் குடுவை, கழன்ற ஒரு பெடல்,
மார்மலேட் புட்டி, நவீத்தின் கைபேசி.

சுற்றிவர ஐம்பத்தைந்து மைல்.
"அவ்வளவுதானே" என்றான் டார்க்வில்.
பல் மருத்துவன். வலிக்காது என்று
சொல்லிச் சொல்லியே வீடு கட்டியவன்.

உயரக் கோடுகள்
தெற்கில் கொஞ்சம் மூச்சுவிட்டுக் கிடந்தன.
வடக்கே போகப் போக நெருங்கி, நெரிந்து,
பேனாவை எடுக்க மறந்தவன் கிறுக்கியதுபோல்
ஒரே பழுப்பு.
கிரியர் அங்கே விரல் வைத்தாள். பதினாறு வயது.
"இதில் ரோடு எங்கே?"
"அதற்கு அடியில்தான்."

பிறகு சண்டை.
தீவை வலம் வருவதா, இடம் வருவதா?

இன்னஸ் தபால்காரன்,
இருபத்திரண்டு வருடமாகப் பிறர் வீட்டுப் படி ஏறுகிறவன்.
அவனுக்கு முதலில் மலை வேண்டும்.
பிராடிக்கில் இறங்கியதும் வடக்கே திரும்பு,
கால் புதிதாக இருக்கும்போதே கசப்பை விழுங்கு,
மீதி நாளெல்லாம் நமது.

நவீத்துக்கு டயர் கடை.
காற்றைப் பற்றி அவனிடம் யாரும் வாதாடுவதில்லை.
மேற்குக் கரையில் அடிப்பது தென்மேற்குக் காற்று.
பெயரில் தெற்கு இருக்கிறதே என்று
தென்றலென நம்பிவிடாதீர்கள்,
துணியைக் கொடியோடு கொண்டுபோகிற ரகம்.
வலம் வந்தால் அது முதுகில் கைவைத்துத் தள்ளும்.
இடம் வந்தால்
இருபது மைலுக்கு அதன் உள்ளங்கை நம் முகத்தில்.

"வலம் வந்தால் மலை கடைசியில்."
"வரட்டுமே."
"சாயங்காலம், செத்த காலோடு?"
"இறக்கம் நேரே கப்பலுக்கு."
"கப்பல் இருந்தால்."

அதற்கு எல்லோரும் சிரித்தோம்.
எந்தத் துறையிலிருந்து கிளம்பும் என்பதே
அந்த வாரம்தான் தெரியும்.

நான் கணக்கு நோட்டுக்காரி. எழுதிக்கொண்டேன்:
மே இரண்டாம் சனி, பொடிக்கொசு பிறக்குமுன்.
உள்டியூப் எட்டு. சங்கிலி எண்ணெய்.
லாக்ரான்சாவில் ஒரே அறை, ஆறு கட்டில்
(டார்க்வில் குறட்டை: கதவோரம்).
என் தொடையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
போன செப்டம்பரிலிருந்து
பேருந்தில்தான் வேலைக்குப் போகிறேன் என்பதையும்.

ரோனா அதுவரை பேசவேயில்லை.
தேநீர்க் கோப்பையைத் தூக்கினாள்.
அடியில் ஈரமாய் ஒரு வளையம்,
பழுப்புக் கோடுகளின் நட்டநடுவே
இன்னொரு பழுப்பு.

"அங்கே என்ன இருக்கிறது?" கிரியர்.
"எங்கே?"
"அந்த வட்டத்தில். கடையா?"

இன்னஸ் குனிந்து பார்த்தான்.
லாக்ரான்சாவுக்கும் சானக்ஸுக்கும் நடுவே
சாலை மூச்சுமுட்டி நிற்கிற உச்சி.
"ஒன்றுமில்லை. கரிச்சேறு, ஆடு, மழை."

"நான் இருப்பேன்" என்றாள் ரோனா.

ஏப்ரலில் அவளுக்கு முழங்கால் அறுவை.
தேதி வந்த கடிதம் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்தின் கீழ் மூன்று வாரமாகத் தொங்குகிறது.
பால் எடுக்கும்போதெல்லாம் படித்திருக்கிறோம்,
படிக்காததுபோல்.

"தம்பியின் வேனை ஓட்டச் சொல்லி
அந்த வட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். சூப்போடு.
வலம் வாருங்கள், இடம் வாருங்கள்,
என்னைத் தாண்டாமல் தீவு முடியாது."

மழைச் சத்தம் கொஞ்சநேரம்.
டார்க்வில் பெடலை எடுத்து உருட்டிப் பார்த்தான்,
படம் ஒரு மூலையில் சுருண்டுகொண்டது.

இன்னஸ்தான் கேட்டான்:
"பருப்பு சூப்பா, லீக்ஸ் சூப்பா?"

எழுதி அடிக்கோடிட்டேன். பருப்பு.
திசை இன்னும் முடிவாகவில்லை.