மூன்றாம் அலசல்

இடவப்பாதி மழை பன்னிரண்டு நாளாய் விடவில்லை.
கடையாலுமூட்டில் நான் வெட்டுகிற நானூறு மரத்துக்கும்
பிளாஸ்டிக் பாவாடை கட்டி, தார் பூசி,
மேலிருந்து ஒழுகும் வெள்ளம்
பட்டையில் இறங்காமல் பார்த்துக்கொண்டேன்.
அதே யோசனைதான் ஷைலட்டுக்கும்.
மார்த்தாண்டம் சந்தையில் முப்பது ரூபாய் கொடுத்து
பிள்ளையின் துணிக்கு மேலே போட
ஒரு பிளாஸ்டிக் ஜட்டி வாங்கி வந்தாள்.
பாய் நனையவில்லை.
இரண்டு ராத்திரி நாங்கள் நன்றாக உறங்கினோம்.

மூன்றாம் நாள் விடியலில் அவிழ்த்தால்
கண் எரிகிறது.
எனக்குத் தெரிந்த வாடை.
ரப்பர்பால் உறையாமலிருக்க
சொசைட்டியில் கேனுக்குள் ஊற்றுவார்களே அமோனியா,
மூடி திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே,
அது
நான்கு மாதப் பிள்ளையின் இடுப்பில்.
கத்தி ஆழம் தப்பி
தடியில் பட்ட இடம்போல மினுங்கியது தொடையிடுக்கு.
மரம் சிவக்காது.
இது சிவந்திருந்தது.

மரத்தின் பாவாடை மழையை வெளியே நிறுத்துகிறது.
இது மழையை உள்ளே போட்டுப் பூட்டியிருக்கிறது.
இருபது வருஷம் பால் வெட்டினவனுக்கு
இது முதல் நாளே ஓடியிருக்க வேண்டாமா?

ஜட்டியை அடுப்பில் போடப் போனேன்.
“நாறும்” என்றாள்.
இப்போது அது கோழிக்கூட்டின் ஓட்டையை அடைக்கிறது.

துவைக்க அவளால் ஆகாது.
அண்டியாபீஸில் தோடு உடைக்கிற கை,
கொட்டை எண்ணெய் தின்று விரல்நுனி கறுத்து உரிந்து கிடக்கிறது.
பிள்ளையைத் தொடும்போதுகூட
கையைத் திருப்பி, புறங்கையால்தான் தொடுகிறாள்.
அதனால் துணி முழுக்க என் கணக்கு.
வெட்டு முடிந்து வந்ததும் பதினேழு.

முதல் அலசலில் நுரை.
இரண்டாவதில் நுரை இல்லை, ஆனால் வழுவழுப்பு இருக்கிறது.
நுரை போனால் சோப்பும் போயிற்று என்று நம்பி
மூன்று மாதம் அத்தோடு பிழிந்து போட்டவன் நான்.
மூன்றாவது அலசலுக்குப் பிறகு
துணியை முழங்கையின் உள்பக்கம் உரசிப் பார்க்கிறேன்
(உள்ளங்கை காய்த்துப்போனது, அதைக் கேட்டுப் பயனில்லை).
சொரசொரப்பாய் இருந்தால் இன்னொரு வாளி.
“எடே பெர்ஜின், வெள்ளையடிக்கவா போற?” என்று
வேலிக்கு அப்புறம் ஜெஸிந்தாள் சிரிக்கிறாள்.
சிரிக்கட்டும், இந்த மழையில் அவளுக்கும் பொழுது போகவேண்டும்.

உலர்த்தத்தான் இடமில்லை.
புகைப்புரையில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே ஒருநாள் தொங்கவிட்டேன்.
உலர்ந்தது. பிள்ளை இரண்டு நாள்
புளித்த ஷீட்டாய் மணந்தான்.
விட்டுவிட்டேன்.
இப்போது கரண்டு இருக்கிற நேரம் பார்த்து இஸ்திரிப் பெட்டி.
உலர்ந்தமாதிரி நடிக்கிற துணி உண்டு,
மடிப்பின் நடுவில் விரலை விட்டால் குளிரும்.
அதற்கு மறுபடியும் சூடு.

குவைத்திலிருந்து மச்சான் அனுப்பிய பவுடர் மூன்று டப்பா
அலமாரியில் அப்படியே இருக்கிறது.
வெளிச்செண்ணெய் போதும்,
அதுவும் ஒற்றித் துடைத்து, ஈரம் காய்ந்தபிறகு, மெல்லிசாய்.
மத்தியானம் அரைமணி நேரம்
ஒன்றும் கட்டாமல் பாயில் கிடத்துகிறோம்.
காற்று வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.
நேற்று ரேஷன் கார்டு நனைந்தது.

ராத்திரி ஒரு மணிக்கு
மரத்துக்குப் போகுமுன் துணி மாற்றுவது நான்.
நெற்றியில் கட்டிய வெட்டு விளக்கோடு குனிந்து,
பால் வடியும் கோட்டைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறேன்.
வெட்டின இடத்தில் புதுப்பட்டை தேற
ஏழெட்டு வருஷம் ஆகும்.
இவனுக்கு ஒன்பது நாள்.
மடிப்புக்குள் ஒரு கோடு மட்டும் இளஞ்சிவப்பாய் பாக்கி.
ஷைலட் அரைத்தூக்கத்தில் புறங்கையை நீட்டி
அந்த இடத்தை ஒருமுறை தடவினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

வெளிச்சம் கண்ணில் படாதிருக்க விளக்கை அணைத்தேன்.
வாளியை எடுத்துக்கொண்டு இறங்குமுன்
இருட்டில் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.
ஈரம்.
கட்டி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.
வாளியைக் கீழே வைத்தேன்.