டோரெவியேஹா காவல் நிலையம், மூன்றாம் கவுண்டர்

மூன்றாவது முறையும்
நெவிலின் விரலை ஒப்புக்கொள்ளவில்லை இயந்திரம்.
முப்பது வருஷம் ஹல் நகரில் சுவர் பூசியதில்
ரேகை தேய்ந்துவிட்டது என்று
நான்தான் அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன்.
இங்கே வந்து பத்தொன்பது வருஷமாகியும்
அவனுக்கு பீர் கேட்கத்தான் தெரியும்.

ஐரோப்பாவை விட்டு வெளியேறலாம் என்று
இங்கிருந்தே தபாலில் ஓட்டுப் போட்டவன்.
வந்தேறிகள் பெருத்துவிட்டார்களாம்,
அங்கே.

வரிசையில் பின்னால் நின்ற செனகல் பெண்
கைப்பையைக் கிளறி ஒரு களிம்பை நீட்டினாள்.
தடவிவிட்டு ஐந்து நிமிஷம் பொறுக்கணுமாம்.
அவள் புருஷனுக்கும் இதே பாடு,
கொத்தனார்.

பச்சை விளக்கு எரிந்தது.
அட்டை வர ஒரு மாதம் ஆகும்.

மதியம் பாரில் அதே பேச்சு,
அதே படகுகள்,
மேசையை ஓங்கித் தட்டினான்.

தட்டிய கையில்
வாதுமை வாசனை.