தெரியாத எண்

தவக்காலத்துக்குச் சர்க்கரையை விட்டிருந்தேன்.
அதுவே பெரிதென்று நினைப்பு.

இரண்டாம் வெள்ளி, நள்ளிரவு.
தெரியாத எண்ணிலிருந்து
வரைபடத்தில் ஒரு புள்ளி,
கூடவே ஒரே ஒரு சொல்: பாதம்.

போலந்தின் கிழக்கோரம் இது.
எங்கள் வேலிக்குப் பின்னால் காடு,
காட்டுக்குப் பின்னால் இரும்புச் சுவர்.
சுவருக்குக் காவல் என் கணவர் விடோல்ட்.
வேலை போகும். ஊர் பேசும்.
ஆண்டவரே, ஆள் மாறி அழைத்துவிட்டீர் என்றேன்.
மறுபடி மினுங்கியது.

பழைய பூட்ஸை எடுத்தேன், அவருடையது.
ஃபிளாஸ்க்கில் பீட்ரூட் சூப்.
விளக்கில்லாமல் சதுப்பில் இறங்கினேன்,
முழங்கால்வரை பனி கரைந்த நீர்.

பிர்ச் மரத்தடியில் ஒரு பையன்.
பாதமா அது?
ஊறி, வெளுத்து, பிசைந்த மாவு போல.

போன வருஷம் பெரிய வியாழனன்று
பங்குத்தந்தை கழுவிய பன்னிரண்டில்
ஏழாவது என் கால்.
வீட்டிலேயே சோப்புப் போட்டுத்
தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போயிருந்தேன்.

சால்வையால் துடைத்தேன்.
பெயர் கேட்டேன்.
இத்ரீஸ் என்றான்,
அல்லது குளிரில் பல் அடித்தது.

பூட்ஸ் இரண்டு அளவு பெரிது.
நாடாவை இறுக்கும்போது
மரங்களுக்கிடையே டார்ச் ஒளி,
நாயின் குரைப்பு,
எனக்குப் பழகிய நடை.

முடிச்சை முதலில் முடிக்கிறேன்.