கச்சான் எழும்பும் வரை

வாடையின் முதுகில் ஏறி வந்தோம்.
லங்காவியிலிருந்து பதினொரு நாள்.
திருகோணமலை உள்துறைமுகத்தில்
நங்கூரம் சேற்றைக் கடித்தபோது
கெங்காதரன் பாயைக்கூடச் சுருட்டாமல்
தேத்தண்ணி கேட்டார்.

சுங்கத்துக்கு மூன்று பிரதி.
கட்டிலுக்கடியில் ரோச் அடித்துப் பார்த்த
கடற்படைப் பொடியன்
"இதுக்குள்ளயா அம்மா ஏழு வருசம்?" என்றான்
உடைந்த தமிழில், உடையாத மரியாதையோடு.
கச்சான் காற்று எழும்பும் வரை
படகு இங்கேயே கிடக்கும்.
ஓரடியும் நகரக்கூடாது என்று கடிதம்.

ஆகவே பஸ்.
ஹொரவப்பொத்தானை வளைவில்
கெங்காதரன் வாந்தி எடுத்தார்.
வங்காள விரிகுடாவில் ஒருநாளும் எடுக்காத மனிசன்.
கொண்டக்டர் ஒரு பையை நீட்டி
"ஐயாவுக்குப் பயணம் பழக்கமில்லைப் போல" என்றார்.
நான் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்,
வவுனியா வரும்வரை.

அங்கே தம்பி வீடு.
புது மெத்தை, புது விசிறி, அசையாத சுவர்.
அந்த அசையாமைதான் நித்திரையைக் கெடுத்தது.
இரவு மூன்று மணிக்கு என்னுடைய காவல் முறை;
உடம்பு எழும்பிவிட்டது.
இருட்டில் தடவி முற்றத்துக்கு வந்து
கயிறு எதையும் காணாமல்
கொடியில் காய்ந்த சாரத்தைத் தொட்டு
காற்றுப் பார்த்தேன்.
நாய் ஒன்று என்னை விசாரித்தது.
காலையில் தம்பியின் பெண்சாதி
"மச்சாள் நித்திரையில நடக்கிறா" என்று
ஒழுங்கை முழுக்க
ரகசியமாய்ச் சொல்லியிருந்தாள்.

வெள்ளவத்தையில் மகள்.
நாலாம் மாடி. கம்பிகளுக்குள்ளால் கடல்.
ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.
பெற்றோரின் நிரந்தர முகவரி
என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
நேரான கோடு.
அலைபோலவாவது வளைத்திருக்கலாம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
சோறு போட்டாள், இரண்டாம் தரமும் போட்டாள்,
"எப்பம்மா நிப்பாட்டுவீங்கள்?" என்று
கறிச்சட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

கடைசியாய்ச் சம்பூர்.
படகென்றால் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே வெட்டி
ஒன்றரை மணி நேரம்.
கடிதம் விடாதே.
கிண்ணியாவிலிருந்து பாலம் பாலமாய்
குடாவைச் சுற்றி, மூதூரில் இறங்கி,
சுருள் சுருளாய்க் கச்சான் கொட்டை வாங்கி
ஓட்டோவில் போனோம்.

கெங்காதரனின் தங்கச்சி தவமலர்
எதையும் அடுக்கமாட்டாள்.
புதுவீட்டில் அலுமாரி திறந்தபடி,
சட்டி கிணற்றடியில், சீலை கதிரையில்,
காணி உறுதி சாமிப்படத்துக்குப் பின்னால்.
எனக்குக் கை துருதுருத்தது.
படகில் ஒரு கரண்டிக்கும் இடம் உண்டு.
"விடுங்கோ மச்சாள்" என்றாள், கொஞ்சம் கடுமையாய்.

திரும்பும்போது தானும் வந்தாள்,
எங்கள் வீட்டைப் பார்க்க.
ஒவ்வொரு மூடியாய்த் திறந்தாள்.
போத்தலில் அரிசி.
பொலித்தீன் பையில் பாஸ்போட், ஒரே ஒரு கலியாணப் படம்.
துணி சுற்றிய சட்டி, கிலுங்காமல் இருக்க.
அதைத்தான் கனநேரம் பார்த்தாள்.
"ஓடின அண்டைக்கு
டிராக்டரில நாங்கள் ஏத்தினதும் இவ்வளவுதான்.
இப்பிடித்தான் துணி சுத்தினனான்,
சத்தம் கேக்காமல்."
பிறகு,
"நீங்கள் ஆசைப்பட்டு ஓடுறியள், என்ன?"

குற்றமாய்ச் சொல்லவில்லை.
கொளுக்கி சரியாய் விழும் வரை
மூடியை அழுத்தினாள்.
கெங்காதரன் தேவையில்லாமல்
எஞ்சின் எண்ணெய் பார்க்கப் போனார்.

இரவு மூன்று மணிக்கு எழும்பினேன்.
எனக்கு முன்னமே மேலே இருந்தாள்,
முழங்காலைக் கட்டிக்கொண்டு.
"எனக்கும் இந்த நேரந்தான் மச்சாள்" என்றாள்.
நான் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.
அவளும் தொட்டுப் பார்த்தாள்.

மிஞ்சிய கச்சானை இருவரும் உடைத்தோம்.
உள்ளங்கையை விரித்தாள்.
கோதுகள் தாமாகவே எழும்பி
கிழக்கே போயின.
பிடரியில் சூடாய், வறண்டு, நிலத்து மணத்தோடு
காற்று.

இன்னும் ஒரு கிழமை நில்லுங்கோ என்று
அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
சுருளில் இன்னும் இருக்கிறதா என்று
தடவிப் பார்த்தோம்.