அல்லாடபேடி

பொம்மனஹள்ளி சிக்னலுக்குப் பின்னால்
மொபைல் கடைக்கு மேல் மாடி.
அரைநாள் சம்பளம் போனது போக
எக்ஸ்ரேவுக்கு எண்ணூறு.
முழு வாய்க்கும் சேர்த்துத்தான் என்றாள்
ரசீது எழுதிய பெண்,
ஏதோ மொத்த விலைக்குத் தருவதுபோல.

வலிப்பது மேல்வரிசை. விரலால் தொட்டே காட்டினேன்.
எதற்கும் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர் கௌசர்.

உள்ளறையில் நாகரத்னா.
தோடு, கொண்டை ஊசி, தாலிக்கொடி
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்.
அப்புறம் கன்னடத்தில் கேட்டாள்,
வயிற்றில் ஏதாவது?
தினம் இருபது பேரிடம் கேட்கிற கேள்வி.
டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.
இல்லை என்பதற்கு
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஈயம் வைத்துத் தைத்த அங்கியை மேலே போட்டாள்.
தையல் மோசம்,
அங்குலத்துக்கு ஆறுகூட வராது.
கனம் மட்டும்
ஏழு மாதக் கனம்.

குச்சியைக் கடிக்கக் கொடுத்து
நெற்றியைப் பிடித்து நிறுத்தி
"அல்லாடபேடி" என்றவள்
வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து வருஷமாய் இந்த ஊரில் இருக்கிறேன்.
அசையாதே என்று அர்த்தம், தெரியும்.
ஆனாலும் தமிழாய்த்தான் விழுந்தது காதில்.
அல்லாடாதே.
மார்ச் மாதம் அந்த வார்டில்
யாரும் சொல்லவில்லை அதை,
அவர்கூட.

பதினான்கு வினாடி.
தலையைச் சுற்றி வந்து
முடிக்காமல் நின்ற பிரதட்சிணம்.
நான் அசையவில்லை.
கண்ணில் வந்தது படத்தில் விழாது.

கம்ப்யூட்டரில்
பிரித்துப்போட்ட காலர் மாதிரி
என் தாடையை விரித்து வைத்திருந்தார்கள்.
மேல்வரிசையில் ஒரு குறையும் இல்லை.
கீழே, கடைசியில்,
ஈறுக்குள் படுத்துக்கொண்டு ஒரு பல்
முன்னால் இருப்பதன் வேரை முட்டுகிறது.
கோளாறு ஓரிடம், வலி வேறிடம், சகஜம்தான்
என்றார் டாக்டர்.

பிறகு பேனாவால் முன்பல்லைத் தொட்டார்.
விளிம்பில் சின்னதாய் ஒரு வெட்டு.
"டைலரா?"

மணிக்குத் தொண்ணூறு காலர், மேடம்.
கத்தரிக்கோலைத் தேட நேரம் ஏது?
நூலைப் பல்லால்தான்.

படம் வாட்ஸப்பில் வந்தது.
பஸ் ஸ்டாப்பில் நின்று அவருக்குத் தள்ளிவிட்டேன்.
இதற்கு முன் அனுப்பிய கறுப்புவெள்ளைப் படம்
ஜனவரியில்.
அதன் கீழே அவர் போட்ட ஆறு இதயங்கள்
விரலால் கொஞ்சம் மேலே தள்ளினால்
இன்னும் இருக்கின்றன.

நீலக் குறி விழுந்தது.
தட்டுகிறார், நிறுத்துகிறார், மறுபடி தட்டுகிறார்.

"எங்க வலிக்குது?"

மேலே என்று அடித்து
அழித்தேன்.