ஒன்றரை டன்

மே மாதத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி
"கூலிங் இல்ல" என்று தொடங்கும்.
மீதி, "தண்ணி ஒழுகுது."
தியாகராஜ நகர் ஞானசிகாமணி சார் மட்டும்
"நாய் நாக்க உள்ள போட மாட்டேங்கு" என்றார்.

மூன்று அறையில் ஏசி இருப்பது ஒன்றில்.
அது நாயின் அறை.
மகன் பெங்களூரில் வாங்கி ஆறு மாதம் வளர்த்து
கனடா போகும்போது இங்கே இறக்கிவிட்டதாம்.
பனிநாட்டு நாயைப் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு
அவன் பனிக்குப் போயிருக்கிறான்.
இதை நான் சொல்லவில்லை.
ஃபில்டரைக் கழற்றினேன்.
ஒரு தலையணைக்கு ஆகும் முடி.

டைகா என்று வைத்த பெயர்
தெருவில் டைகர் ஆகிவிட்டது.
ஒரு கண் பழுப்பு. இன்னொன்று
அணைக்க மறந்த ஸ்டாண்ட்பை விளக்கின் நீலம்.
என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை,
பூட்ஸை மோந்துவிட்டுக் காலடியில் படுத்தது.
எவன் வந்தாலும் இப்படித்தானாம்.
குரைப்புக்குப் பதில் ஊளை:
முதல் ராத்திரியே பக்கத்து வீட்டு செல்லக்கனி
யார் வீட்டுச் சாவோ என்று எழுந்து விளக்குப் போட்டாராம்.
"ஒரு சிப்பிப்பாறை வாங்கியிருக்கலாம்" என்று
சொல்லிவிட்டுத்தான் பால்காரர் பாலை ஊற்றுகிறாராம்.

மொட்டை அடித்துவிடலாமா என்று
ரூபாவதி அம்மா கேட்டதற்கு
டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார்.
இரண்டு அடுக்கு முடி.
குளிரைத் தடுப்பதுதான் வெயிலையும் கொஞ்சம் தடுக்குமாம்.
எனக்குச் சட்டென்று புரிந்தது.
காப்பர் குழாயில் நான் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சும் அப்படித்தான்,
எந்தப் பக்கம் குளிர் என்று அதற்குத் தெரியாது.

கொல்லையில் பன்னிரண்டு குழி.
கறிவேப்பிலைச் செடி வேரோடு போயிருந்தது.
"பிரியமான பிள்ளதான் தம்பி.
ஆனா இது வீட்டுக்குள்ள நாய் இல்ல,
வேற எதுக்கோ உள்ளது.
எதுக்குன்னு எங்களுக்குத்தான் தெரியல."

கம்ப்ரஸர் போயிருந்தது.
புதுசை அன்றே மாட்டினேன்.
பழைய யூனிட்டை எடுக்க
மறுநாள் வெயிலுக்கு முன்னே வந்தேன்.
லோடு ஆட்டோ ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.
என்னிடம் நாலு சக்கர டிராலி.
நடைக்குக் கிளம்பிய டைகர் அதை ஒரு சுற்றுச் சுற்ற
கயிறு கைப்பிடியில் சிக்கியது.
விடுவிக்கக் குனிந்தேன்.
அதற்குள் இறுகிவிட்டது.

யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.
பெங்களூர்க் கூண்டில் பிறந்தது,
அதன் தாயும் ஏதோ ஒரு கூண்டில்.
ஆனாலும் தோள் இறங்கியது,
முதுகு நீண்டது,
நாக்கு உள்ளே போனது.
நாற்பது கிலோ இரும்பும் அலுமினியமும்
நகர்ந்தன.

அந்தோணியம்மாள் போட்டு முடிக்காத கோலத்தின் நடுவே போனோம்.
பேப்பர் பையன் சைக்கிளோடு சாக்கடை ஓரம் ஒதுங்கினான்.
தெருநாய்கள் எழுந்து நின்றன,
ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.
பின்னால் சார், லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி,
"டைகா! ஏ டைகா!"
நானும் ஓடினேன்.
நிறுத்த என்று நினைத்திருப்பார்.
யூனிட் சரியாமல் பிடித்துக்கொண்டு
கூட ஓடினேன், அவ்வளவுதான்.

மூடிய கேட்டில் தானாக நின்றது.
செந்தூர் வண்டி போனது.
முன்னால் ஒன்று இழுக்க
பின்னால் அத்தனையும் வருவதை
டைகர் கண்ணெடுக்காமல் பார்த்தது,
கடைசிப் பெட்டி மறைந்த பிறகும்.

பில் எழுதினேன். கேஸ், பிராக்கெட், லேபர்.
ஏற்றுக்கூலி என்ற இடத்தில் பேனா நின்றது.
நாலு பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி எப்படிப் போட?
கோடு இழுத்துவிட்டேன்.

ஜூனில் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று இறங்கிய அன்று
சார் கூப்பிட்டார்.
கூலிங் எப்படி இருக்கு சார் என்றேன்.
"அது கெடக்கட்டும்.
அந்த டிராலி என்ன வெல?"