படம் எண் 41, முதுகுப்பக்கம்

படம் வரைந்தவன் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை.
நெப்ராஸ்காவில் காற்று எந்தப் பக்கமிருந்து அறையும் என்று
அவனுக்கெப்படித் தெரியும்? அதனால்
புத்தகத்தின் கடைசித் தாளில் கேள்விகள் அச்சடித்திருந்தான்:
மனை எந்தத் திசை பார்க்கிறது?
வீட்டில் எத்தனை பேர்?
கையில் எவ்வளவு இருக்கிறது? ஒளிக்காமல் சொல்லவும்.

ஆர்ஃபா டில்லிங்காஸ்ட் பென்சிலில் எழுதினாள்:
வடக்கு.
ஐந்து பேர். மார்ச்சில் ஆறு.
இரண்டாயிரம் டாலர், அதற்குமேல் சல்லிக்காசு கிடையாது.
கோபுரம் எனக்கு வேண்டாம், கணவருக்கு வேண்டும், வையுங்கள்.
சமையலறை ஜன்னல் மட்டும்
ரயில் வரும் பக்கம் இருக்கட்டும்.

பதில் ஒரே வரி:
தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக் கட்டச் சொல்லவும்.

அப்படித்தான் தச்சன் ரெம்பல்
தாளின் முதுகைப் பார்த்து இதைக் கட்டினான்,
இடவலம் மாறிய எண்களை
வாய்க்குள் திட்டிக்கொண்டே.
கூரை விளிம்பெல்லாம் மர லேஸ்.
சிகாகோவிலிருந்து வைக்கோல் சுற்றி வந்த சிவப்புக் கண்ணாடி
வரும்போதே விரிசல். இன்றும் அதே விரிசல்.

நான் வாங்கியபோது மூன்று அறை ஒழுகியது.
பதினொரு பூச்சு பெயிண்ட் சுரண்டிவிட்டேன்,
பன்னிரண்டாவதில் இருக்கிறேன்.

ஏணிமேல் நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை
ஓரிகன் நம்பர் பிளேட்டோடு கார் ஒன்று நின்றது.
வெர்லா ஸ்டென்ஸ்ருட். பேர் பிறகுதான் சொன்னாள்.
முதலில் சொன்னது, "இது எங்கள் வீடு."
அப்புறம், "இல்லை, எங்கள் வீட்டின் படம்.
அது எரிந்தபோது எனக்கு ஒன்பது வயது."

கூடத்தில், விளக்கைப் போடாதே என்றாள்.
கண்ணை மூடி, மாடிப்படிக்கு வலக்கையை நீட்டினாள்.
சுவர்.
இன்னொரு தரம் நீட்டினாள்.
சுவர்தான்.

நான் என்ன சொல்ல,
புத்தகம் ஒன்று, எண் ஒன்று,
உங்களுடையது தாளின் முகம், இது முதுகு என்றா?

சற்று நேரம் அப்படியே நின்றாள்.
பிறகு வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு
பின்னால், பின்னால்
அடியெடுத்து வைத்தாள்.
வலக்கையில் கைப்பிடி தட்டியது.

பின்புறமாகவே ஏறினாள், எண்ணியபடி.
ஏழாவது படி கிறீச்சிடும் என்றாள்.
ஏழு வாயே திறக்கவில்லை.
ஒன்பதுதான் கிறீச்சிட்டது.
அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாலு பத்துக்குச் சரக்கு ரயில்.
விரிசல் கண்ணாடி நடுங்க, சமையலறை ஜன்னலில்
பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

"எங்களுக்கு," என்றாள்,
"ரயில் கிடையாது."